ஆத்தா தந்த வெள்ளைப்பூ

பிப்ரவரி 2

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் எப்போதோ சொல்லியாயிற்று. என் தங்கச்சி மகள் கோகிலா பிறந்த அன்றைக்கு அவள் அழுத அழுகையைக் கேட்டு, "இந்தக் குரல் கடல் தாண்டிக் கேட்கும்" என்று தாராபுரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொன்னவன் ராக்கியப்பனாகிய நானே. அப்போது பக்கத்தில் இருந்தவர்கள் எவரும் இப்போது உயிரோடு இல்லை. இருந்தால் சாட்சி சொல்லியிருப்பார்கள்.

நியூசிலாந்தில், வயசானவர்களை வைத்துப் பார்க்கும் ஓர் இல்லத்தில் கோகிலாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்தது கார்த்திகையில். பி.ஆருக்கு மனுவும் அந்தக் கையோடு போட்டாள். பி.ஆர். என்றால் அந்த நாட்டிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை. மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. இன்று வந்த சேதி என்னவென்றால், ஏப்ரல் முதல் வாரத்துக்குள் வந்து சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதனால் தற்காலிக விசாவில் போய் உட்கார்ந்துகொண்டு பி.ஆர். வருகிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவு பெரிய சமாச்சாரத்தை யாராவது எழுதி வைக்க வேண்டும். தீவனக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. என் படிப்பு எட்டாவது. ஒன்பதாவதுக்கு என்னைத் தாங்கும் சக்தி இல்லை என்று வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். அதற்கப்புறம் முப்பது வருசம் மாட்டுத் தரகு. கண்ணபுரம் சந்தையில் என்னைத் தெரியாத மாடு கிடையாது.

பிப்ரவரி 5

தினமும் ராத்திரிச் சோறு கோகிலா வீட்டில்தான். என் வீட்டில் அடுப்பு எரியாமல் இல்லை. நான் போகாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது, அதற்காகப் போகிறேன். குழந்தை இனியாவும் நான் கதை சொன்னால்தான் வாயைத் திறப்பாள். அஞ்சு வயசுதான் ஆகிறது, கதை ரசனை என்னைக் கொண்டு பிறந்திருக்கிறது.

இன்று சோறு போட்ட கையோடு சண்டை ஆரம்பித்தது. மாப்பிள்ளை நந்தகோபாலுக்கு மின்வாரியத்தில் வயர்மேன் வேலை. அவருடைய அப்பா கம்பத்தின் மேலேயே கரண்ட் அடித்து இறந்துபோக, வாரிசு வேலையாக வந்தது அது.

"பி.ஆர். கைக்கு வரட்டும், அன்னைக்கே ராஜினாமா எழுதறேன். அதுக்கு முந்தி எழுத மாட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

"அது வாரதுக்குள்ள என்ற வேலை போயிருமுங்க."

"போனாப் போவுது. இது எங்கப்பன் உசுரக் குடுத்து வாங்கித் தந்த வேலை கோகி. அங்க போயி உக்காந்த பொறகு மனுவைத் திருப்பிக் கடாசிட்டான்னா? திரும்பி வந்தா எவன் என்னைக் கம்பத்துல ஏத்துவான்?"

"அப்ப நா மட்டும் போறனுங்க. நீங்க பொறகால வாங்க."

"கொழந்தை?"

கோகிலா ரசத்தை ஊற்றினாள், என் தட்டில் அல்ல, தட்டுக்குப் பக்கத்தில்.

"ஏனுங் மாமா, நீங்க ஒண்ணும் பேசாம சோத்தைப் பெசஞ்சுட்டு இருக்கறீங்?" என்றாள்.

நான் உடனே நடுவில் புகுந்து, அந்தியூர்ச் சந்தையில் ஒரு முறை காளையை விற்பதா வைப்பதா என்று அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டதையும், நான் தீர்த்து வைத்ததையும் விவரமாகச் சொன்னேன். கேட்டு முடித்ததும் இருவரும் அமைதியாகி எழுந்து போய்விட்டார்கள். என் பேச்சின் சக்தி அப்படி.

பிப்ரவரி 6

கோகிலா போனால் ராத்திரி எங்கே சாப்பிடுவது என்று தெரு முனைச் சுப்பாத்தாள் கேட்டாள். உலகத்தில் ஓட்டலே இல்லையா என்றேன்.

பிப்ரவரி 10

மாப்பிள்ளையே வழி சொன்னார். "எங்களுக்கு முடிவு பண்ணத் தெரியலீங் மாமா. ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் பார்த்தரலாம். வெள்ளை வந்தா ராஜினாமா எழுதிக் குடுத்தர்றேன். செவப்பு வந்தா வாயை மூடிட்டு இங்கயே இருந்தர்றோம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. செல்லாண்டியம்மன் முன்னால் வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், வெளியே தெரியாமல் இலையில் கட்டிப் போட்டு, சாமியை நினைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் சம்மதம். சிவப்பு என்றால் வேண்டாம் என்கிறாள். கல்யாணம், கிணறு, நிலம் எதுவானாலும் பூ கேட்காமல் செய்ய மாட்டோம். எடுத்த பிறகு பேச்சுக்கு இடமில்லை.

கோகிலா, "சரிங்க. ஆத்தா சொன்னா நானும் கேட்டுக்கறேன்" என்றாள். சொல்லும்போது குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். பேன் பார்த்தாளோ என்னவோ.

பிப்ரவரி 13, வியாழன்

நாளைக்குப் போவதாக ஏற்பாடு. ஆனால் கோகிலாவுக்கு வீட்டுக்குத் தூரம். மாப்பிள்ளைக்குத் துணைமின் நிலையத்தில் பெரிய பழுது, விடிய விடிய வேலை என்று ஆட்கள் வந்து கூட்டிப்போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போட்டால் பிறகு அமாவாசை தாண்ட வேண்டும். "நீங்க போய்க் கேட்டுட்டு வந்தா நாங்க கேட்ட மாதிரிதானுங் மாமா" என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். தாய்மாமன் என்றால் சும்மாவா.

பிப்ரவரி 14, வெள்ளி

வெள்ளை! வெள்ளை! வெள்ளை!

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் போனபோது பூசாரி விருந்துக்குப் போயிருந்தார். கோயிலில் ஈ காக்கை இல்லை. நந்தியாவட்டையை ஓர் இலையிலும் செவ்வரளியை ஓர் இலையிலும் நானே கட்டி, கண்ணை மூடிக் குலுக்கி, ஆத்தாள் காலடியில் போட்டேன். அப்போது பாருங்கள், எங்கிருந்தோ பச்சைப் பாவாடை கட்டிய பெண் குழந்தை ஒன்று வந்தது. அந்த ஊரில் அப்படி ஒரு குழந்தையே கிடையாது. மேலே பல்லி சொன்னது. காற்றே இல்லை, ஆனால் மணி தானாக ஆடியது. குழந்தை சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தது. பிரித்தால், பால் போல நந்தியாவட்டை. நிமிர்ந்து பார்த்தால் குழந்தையைக் காணோம்!

வீட்டில் சொன்னபோது கோகிலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை தெற்குப் பக்கம் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, "அவ சொல்லிட்டா" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு ராஜினாமாக் கடிதம் எழுதத் தாள் வாங்கக் கடைக்குப் போனார்.

பிப்ரவரி 15

இன்று எனக்கு விரதம். என்ன விரதம் என்று கோகிலா கேட்டாள். புதுசு என்றேன்.

மார்ச் 10

மின்வாரிய ஆபீசில் மாப்பிள்ளைக்கு வழியனுப்பு. நானும் போயிருந்தேன். எல்லாரும் என்னைப் பேசச் சொல்லி வற்புறுத்தினார்கள். (ஒருவர் வற்புறுத்தினார். மற்றவர்கள் கண்ணால் வற்புறுத்தினார்கள்.) மாப்பிள்ளை தன் இடுப்பு பெல்ட்டையும் கட்டிங் பிளேயரையும் ஒப்படைத்தார். பிளேயரைக் கொடுக்க மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது. அதன் கைப்பிடியில் அவர் அப்பா சுற்றிய கறுப்பு டேப் இருந்தது. உதவிப் பொறியாளர் பார்த்துவிட்டு, "அதை நீயே வெச்சுக்க நந்து. கணக்குல தொலஞ்சு போச்சுன்னு எழுதிக்கறேன்" என்றார்.

கண்ணில் தூசி. அந்த ஆபீசைக் கூட்டுவதே இல்லை போலிருக்கிறது.

மார்ச் 27

எனக்கும் ஆறு மாச விசிட்டர் விசா வந்துவிட்டது! கோகிலாவும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? "மாமா, நீங்க வந்து ஆறு மாசம் இருந்தாத்தான் எங்களால வேர் புடிக்க முடியும்" என்றாள் கோகிலா. அந்த நாட்டுச் சர்க்கார் என் பெயரைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் முத்திரை குத்தியிருக்கும்.

சுப்பாத்தாளிடம் சொன்னேன். "போயிட்டு வா. ஆறு மாசம்னா புரட்டாசி வந்துரும்" என்றாள். இந்தக் கணக்கை அவளிடம் யார் கேட்டது?

ஏப்ரல் 4

வந்து சேர்ந்தோம். ஊர் பெயர் இன்வர்கார்கில். ஊர்க்காரர்களுக்குப் போன் போட்டு வெறும் கார்கில் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன், மரியாதை கூடும். நாட்டின் தெற்குக் கடைசி. இதற்கப்புறம் கடல், அதற்கப்புறம் பனி, அதற்கப்புறம் உலகம் முடிந்துவிடுகிறது.

விமானத்தில் நான் பயப்படவே இல்லை. கையை இனியா பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் விட்டபோது நான் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

காற்று என்றால் காற்று. ஆடிக்காற்றுக்கு அண்ணன். வேட்டியோடு வாசலில் நின்றேன், வேட்டி எனக்கு முன்னே கடலுக்குப் போகப் பார்த்தது. கோகிலா உடனே கடைக்குக் கூட்டிப்போய்ப் பேண்ட் வாங்கிக் கொடுத்தாள். கண்ணாடியில் பார்த்தேன். கலெக்டர்.

ஏப்ரல் 19

பக்கத்து வீட்டுக்காரர் கெவின். எழுபது வயசு இருக்கும். ஊருக்கு வெளியே நானூறு பசு வைத்திருந்து இப்போது மகனிடம் விட்டுவிட்டார். தோட்டம் துரவு உள்ளவர்களை எங்கள் பக்கம் பண்ணாடி என்போம். அதனால் நான் அவரைக் கெவின் பண்ணாடி என்கிறேன், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

இன்று பண்ணையைக் காட்டக் கூட்டிப்போனார். இன்னும் கன்று போடாத ஒரு கிடேரி எனக்குப் பிடித்துவிட்டது. வாங்கப் போவதில்லை, ஆனாலும் தொழில் சும்மா இருக்க விடுமா? தோளில் இருந்த துண்டை அவர் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்து விலை பேசினேன். சந்தையில் தரகர்கள் அப்படித்தான், வாய் திறக்காமல் விரலாலேயே பேசி முடிப்போம். பண்ணாடி என் முகத்தையும் துண்டையும் பார்த்தார். பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். பிரார்த்தனை என்று நினைத்துவிட்டார் போல. நானும் மூடிக்கொண்டேன். பசு மட்டும் எங்களைப் பார்த்தது.

வீட்டில் சொன்னபோது மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். ராஜினாமாவுக்கு அப்புறம் அவர் அப்படிச் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

மே 8

மாப்பிள்ளைக்கு இங்கே மின்சார வேலை செய்ய லைசென்ஸ் வேண்டுமாம். பரிட்சை எழுத வேண்டுமாம். அதற்குள் மரக் கிட்டங்கி ஒன்றில் பலகை அடுக்கும் வேலைக்குப் போகிறார். கம்பத்தின் உச்சியில் நின்று ஊருக்கே வெளிச்சம் கொடுத்த மனுசன்.

சாயங்காலம் கையில் குத்தியிருந்த சிராயை ஊசியால் நான் எடுத்துவிட்டேன்.

"வலிக்குதுங்களா மாப்ள?"

"இதென்னுங் மாமா வலி. ஆத்தாளே அனுப்பி வெச்சிருக்கறப்ப பலகை அடுக்கினா என்ன, பாறை ஒடச்சா என்ன?"

ஊசி தவறி நன்றாக ஏறிவிட்டது. அவர் துள்ளிவிட்டார். வெளிச்சம் சரியில்லை என்று சொன்னேன்.

மே 23

நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. இல்லத்தில் இருக்கும் பாட்டிமார் கோகிலாவைத்தான் தேடுகிறார்களாம். ஊசி போட்டால் தெரிவதே இல்லையாம். நான்தான் சின்ன வயசில் அவளுக்கு மாட்டு டாக்டர் ஊசி போடுவதைக் காட்டிக் காட்டி வளர்த்தேன். வேறு யாரிடம் கற்றிருப்பாள்?

ஜூன் 11

மனு போட்ட இடத்திலிருந்து கேள்வி வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய தழும்பு ஒன்று தெரிகிறதாம். அது இப்போதும் இருக்கிற நோயா, என்றைக்கோ ஆறியதா என்று பெரிய டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நோய் என்றால் மனு நிற்காது. மூன்று பேரும் ஒரே மனுவில் இருப்பதால் ஒருவருக்கு இல்லை என்றால் மூவருக்கும் இல்லை.

"சின்ன வயசுல ஒருக்கா நெஞ்சுல சளி கட்டிக் கெடந்தேனுங் மாமா. அப்பா தோள்ல தூக்கிட்டு ஈரோட்டுக்கு அலஞ்சாரு. அதுவாத்தான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

கோகிலா நர்ஸ். அவள் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

மாப்பிள்ளைதான் எங்களைத் தேற்றினார். "எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கறீங்க ரெண்டு பேரும்? வெள்ளைப்பூக் குடுத்தவளுக்கு இந்தத் தழும்பு தெரியாமயா இருக்கும்?"

நான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளியே நடக்கப் போனேன். நல்ல குளிர். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளவில்லை. நமக்கு எதற்கு.

ஜூன் 14

சளி, காய்ச்சல். இது அந்த நடையால் வந்ததல்ல என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 20

பெரிய டாக்டரைப் பார்க்க அடுத்த மாசக் கடைசியில்தான் இடம் கிடைத்திருக்கிறது.

பகலில் எல்லாரும் போன பிறகு, அலமாரியில் வைத்திருக்கிற ஆத்தாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். பேசிப் பார்த்தேன், சரிப்படவில்லை. துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டு, கையை உள்ளே விட்டு, தரகு முறையிலேயே பேசினேன். கிடா வெட்டுகிறேன் என்றேன். மொட்டை என்றேன். தீ மிதிக்கிறேன் என்றேன். "மாப்பிள்ளைமேல் உனக்கு ஒரு வருத்தமும் இருக்கக் கூடாது. எதுவாக இருந்தாலும் என் கணக்கில் எழுதிக்கொள், அவர் ஒன்றும் அறியாதவர்" என்றேன். படத்தின் கண்ணாடி சில்லென்று இருந்தது. எத்தனையோ முரட்டுப் பண்ணாடிகளைப் படிய வைத்திருக்கிறேன். இவள் மட்டும் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

ஜன்னல் வழியாகக் கெவின் பண்ணாடி பார்த்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார்.

ஜூலை 6

கோகிலாவுக்கு இன்று விடுப்பு. வெளியே ஆலங்கட்டி மழை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லுவீங்களா?"

"நா என்னைக்குக் கண்ணு மறைச்சிருக்கேன்?"

"அன்னைக்குப் பூ எடுத்துச்சே ஒரு கொழந்தை, அது என்ன பாவாடை கட்டியிருந்துச்சுங்க?"

"மஞ்சப் பாவாடை. பட்டுல."

"பச்சைன்னு சொன்னீங்க."

"பச்சையில மஞ்சக் கரை. வெயில் பட்டா மஞ்சளாத் தெரியும். கோயில்ல நல்ல வெயிலு அம்முணி. மல்லியப்பூக் கூட வெச்சிருந்துச்சு, காலுல கொலுசு. நான் 'உம்பேரென்ன சாமி'ன்னு கேட்டேன், 'செல்லி'ன்னு சொல்லுச்சு."

"பேர் வேற சொல்லுச்சுங்களா? அன்னைக்கு அதச் சொல்லவே இல்லீங்களே."

"சந்தோசத்துல மறந்துட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். எனக்குத் துணி மடிக்கும் ஆசை வந்து, ஒரு சட்டையை எடுத்து மடித்தேன். அதை அவள் வாங்கிப் பிரித்துத் திரும்ப மடித்தாள்.

"அவுரு இந்தப் பூவ நம்பித்தானுங் மாமா தூங்கறாரு" என்றாள்.

"நீ?"

"நா உங்கள நம்பித்தான் வந்தேன்."

இந்தப் பெண்ணுக்குச் சின்ன வயசிலிருந்தே கேட்டால் ஒரு பதில், கேட்காவிட்டால் ஒரு பதில். அவள் அம்மாவும் இப்படித்தான். பத்து வயசில் அவளை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு அம்மா கண்ணை மூடியபோது, வாய்விட்டு அழாமல் "மாமா, சாப்ட்டீங்களா" என்று என்னைக் கேட்டவள். பதிலே சொல்லாமல் இருந்துவிட்டேன் அன்றைக்கு. இன்றைக்கும் எழுந்துபோய் ஆலங்கட்டி பார்த்தேன்.

ஜூலை 29

பெரிய டாக்டர் பார்த்தார். நானும் உள்ளே போனேன். வேண்டாம் என்றார்கள். தாய்மாமன் என்றேன், அது அவர்களுக்குப் புரியவில்லை, விட்டுவிட்டார்கள். டாக்டர் மாப்பிள்ளையின் முதுகில் தட்டி மூச்சை இழுக்கச் சொன்னார். நானும் இழுத்தேன். புதுப் படம் எடுத்தார்கள், பழைய படத்தோடு வைத்துப் பார்த்தார்கள். "எழுதி அனுப்புகிறேன்" என்று மட்டும் சொன்னார். நல்லதா கெட்டதா என்று முகத்தில் ஒன்றும் இல்லை. தரகுக்கு வந்திருந்தால் பெரிய ஆளாக வந்திருப்பார்.

வரும் வழியில் காரில் இனியா, "மாமா தாத்தா, ஊருக்குப் போயிருவமா?" என்றாள். "நான் மட்டும்தான் போவேன் சாமி. நீ இங்கத்த ஆளு" என்றேன். அந்த நேரத்தில் என் வாயில் அப்படி வந்தது. வாய்க்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும்.

ஆகஸ்ட் 12

ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 17

ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளை லைசென்ஸ் பரிட்சையில் தேறிவிட்டார். பி.ஆர். இல்லாமல் அந்த லைசென்ஸை வைத்து என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. கேசரி கிண்டினாள் கோகிலா. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். விரதம் எல்லாம் போதும்.

ஆகஸ்ட் 28

வந்துவிட்டது!

கோகிலா இல்லத்திலிருந்து போன் போட்டாள். அழுகை மட்டும் வந்தது. நான் அப்போதே தெரிந்துகொண்டேன், நல்ல சேதியின் அழுகை வேறு, கெட்ட சேதியின் அழுகை வேறு. முப்பத்து மூன்று வருசம் முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டேனே. கடல் தாண்டிக் கேட்டதா இல்லையா?

தழும்பு என்றைக்கோ ஆறியதாம். மூவருக்கும் பி.ஆர். உறுதி. மாப்பிள்ளை மரத்தூளோடு வந்து என் காலில் விழுந்தார். எழுப்பவே முடியவில்லை.

"எந்திரிங்க மாப்ள. நா என்ன பண்ணுனேன்?"

"நீங்கதானுங் மாமா போய்க் கேட்டுட்டு வந்தீங்க. உங்க கையில குடுத்துதானுங்களே அனுப்புனா!"

அவர் தலைக்கு மேலாகக் கோகிலா என்னைப் பார்த்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு எதைப் பற்றி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கெவின் பண்ணாடி ஒரு வண்டி விறகு கொண்டுவந்து இறக்கினார். இது என்ன என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, அடுத்த குளிருக்கு என்றாராம். அடுத்த குளிருக்கு! ஒரு குடும்பம் ஓர் ஊரில் நிலைத்துவிட்டது என்பதை இதைவிட அழகாக எந்தச் சர்க்காரும் எழுதிக் கொடுக்க முடியாது.

செப்டம்பர் 21

என் விசா இந்த வாரத்தோடு முடிகிறது. நாளைக் காலை விமானம். இன்னும் இருக்கச் சொல்லி எழுதிப் போடலாம் என்றாள் கோகிலா. சந்தையில் என்னைத் தேடுவார்கள் என்றேன். (சந்தைக்குப் போய் ரெண்டு வருசம் ஆகிறது. அதனால் இன்னும் அதிகமாகத் தேடுவார்கள்.)

மாப்பிள்ளை ஒரு பொறுப்புக் கொடுத்திருக்கிறார். கோயிலுக்குப் பெரிய வெண்கல மணி ஒன்று செய்து கட்ட வேண்டும். அதில் 'வெள்ளைப்பூ தந்து வழியனுப்பிய ஆத்தாளுக்கு' என்று வெட்டியிருக்க வேண்டும். நன்றாக யோசித்து எழுதியிருக்கிறார். நான் அதில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

விமான நிலையத்துக்கு எல்லாரும் வரப் போகிறார்கள். வேண்டாம் என்றேன். வந்தால் என் கண்ணில் தூசி விழும்.

அக்டோபர் 17, வெள்ளி

மணி கட்டியாயிற்று. அடித்தால் மூன்று ஊருக்குக் கேட்கிறது. போனில் காட்டினேன், மாப்பிள்ளை அங்கே புதுச் சட்டையில், இடுப்பில் புது பெல்ட்டில், கம்பத்து வேலை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். அப்பாவின் பிளேயரும் அந்த பெல்ட்டில். நின்று கும்பிட்டார். இந்த வட்டாரத்திலேயே பி.ஆர். வாங்கிய முதல் குடும்பம் இதுதான் என்று பூசாரியிடம் சொன்னேன். ரெண்டாவது என்றார். அவருக்குப் பொறாமை.

எல்லாரும் போன பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ராத்திரிச் சோற்றுக்கு வரச் சொல்லிச் சுப்பாத்தாள் ஆள் விட்டிருக்கிறாள். போவதா வேண்டாமா என்று பூ கேட்கவா முடியும்? போகிறேன்.

இந்த டைரியில் மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடிதான். ஒன்றே ஒன்றை மட்டும் திருத்திவிடுகிறேன். அன்றைக்குப் பச்சைப் பாவாடையும் வரவில்லை, மஞ்சள் பாவாடையும் வரவில்லை. பல்லி சொல்லவில்லை. மணி ஆடவில்லை. நான் ஒருவன்தான் இருந்தேன், நான்தான் எடுத்தேன். சிவப்பு. சரியாகக் குலுக்கவில்லையோ என்று கட்டிப் போட்டு மறுபடி எடுத்தேன். சிவப்பு. போகவேண்டாம் என்றுதான் ஆத்தா சொன்னாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருக்காதா? எனக்கு மட்டும் இல்லையா? ஆனால் எங்கள் இருவரில் யாராவது ஒருவர் வெள்ளை என்று சொன்னால்தான் அந்தப் பெண் கிளம்புவாள். ஆத்தாளுக்குப் பொய் வராது. தரகன் நான்தான்.